கிரகோரியன் கீதத்தைப் பாடகர் குழுவுக்குப் பழக்குதல்

ஹற்றன், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் பாடகர் குழு நடத்துவோர், ஐரோப்பிய இடைக்கால இசையைக் கிரகோரியன் கீதத்திலிருந்து, அதாவது கத்தோலிக்க வழிபாட்டில் எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் இலத்தீன் பாடலிலிருந்து, தொடங்குவதே நல்லது. அதற்கு ஓர்கனும் வேண்டாம், தாளக்கட்டும் வேண்டாம்.

அதன் சுரக்குறிப்பில் நான்கு கோடுகளே உண்டு. இடப்பக்கத்தில் உள்ள 'சி' (C) எழுத்துக் குறி எந்தக் கோட்டைப் பற்றியிருக்கிறதோ, அதுவே 'தோ' என்னும் முதற் சுரம். அங்கிருந்து மேலும் கீழும் எண்ணி, முதலில் சுரங்களை மட்டும் பாடுங்கள்; 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி, 'ஊத் (இன்றைய 'தோ'), ரே, மி' என்ற அசைகளால் சிறுவர்களைப் பழக்கியதும் இவ்வழியில்தான். சுருதி நிலையானதன்று என்பதால், குரல் இறுகியிருக்கும் குளிர்காலைகளில் தாழ்வாகவே எடுங்கள்.

பிறகு இலத்தீன் வரியை வாசித்து, சொல்லழுத்தம் விழும் இடத்தை உணர்ந்து, அந்த ஓட்டத்திலேயே சுரத்தை ஏற்றுங்கள். ஓரசையில் பல சுரங்கள் வரும்போது ஒவ்வொன்றையும் அழுத்துவதுதான் கீதத்தை மிகவும் கெடுக்கிறது. நீண்ட வரிகளில் எல்லோரும் ஒருசேர மூச்செடுக்காமல், மாறி மாறி எடுக்க வேண்டும்.