மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பீர்: அடர்த்தி அளவு ஒத்துவராதபோது செய்யக்கூடாத தவறுகள்

பீர் நொதிக்கும் முன் அளக்கும் தொடக்க அடர்த்தி 1.045 வரவேண்டிய இடத்தில் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) 1.032 காட்டினால், பலருக்கும் கை உடனே சர்க்கரை டப்பாவுக்குப் போகும். அதுதான் பெரிய தவறு. தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரை எடுப்பவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. எக்ஸ்ட்ராக்ட் என்பது மால்ட் தானியத்தின் சர்க்கரையை எடுத்துச் செறிவாக்கிய கூழ் அல்லது பொடி; அதில் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. எடையும் கொள்ளளவும் சரியாக இருந்தால் அடர்த்தி கணக்கை விட்டு விலக வழியில்லை. ஆகவே வோர்ட்டை (நொதிக்காத சர்க்கரைக் கரைசலை) திருத்துவதற்கு முன் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள்.

கணக்கு எளிது. தண்ணீரின் 1.000க்கு மேல் வரும் ஒவ்வொரு 0.001உம் ஒரு புள்ளி. கூழ் எக்ஸ்ட்ராக்டுக்குக் கிலோவுக்குச் சுமார் 300 புள்ளி, பொடிக்கு 370. மொத்தத்தை லிட்டரால் வகுக்க வேண்டும். 3 கிலோ கூழ், 20 லிட்டர் என்றால் 900 ÷ 20 = 45, அதாவது 1.045.

குழப்பம் பெரும்பாலும் தண்ணீர் சேர்க்கும் கட்டத்தில்தான் பிறக்கிறது. 10 லிட்டரைக் கொதிக்கவைத்து, மீதியைப் பச்சைத் தண்ணீராக ஊற்றினால், கனமான வோர்ட் அடியில் தங்கிவிடும். மேலிருந்து எடுத்த மாதிரி குறைவாகவும், அடிக்குழாயில் பிடித்தது 1.060 போலக் கூடுதலாகவும் காட்டும். தொற்று நீக்கிய நீண்ட கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் அடியிலிருந்து வேகமாகக் கலக்கிவிட்டு அளவெடுங்கள். ஈஸ்ட் போடும் முன் காற்று கலப்பது நல்லதுதான். ஈஸ்ட் போட்ட பிறகு தெரியவந்தால் ஒன்றும் செய்யவேண்டாம்; நொதித்தலே கலக்கிவிடும். கணக்கில் வந்த எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள். குறைவதாக நம்பி அந்த 13 புள்ளிக்கு 680 கிராம் சர்க்கரை கொட்டினால், உண்மையான அடர்த்தி 1.058 அருகே போய், காரமான, மெலிந்த பீர்தான் கிடைக்கும்.

சூடும் ஏமாற்றும். 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர் 40 டிகிரி வோர்ட்டில் ஏறக்குறைய 6 புள்ளி குறைத்துக் காட்டும். திருத்த அட்டவணையை நம்புவதைவிட மாதிரியை ஆறவைப்பது மேல். கருவியை அதே 20 டிகிரி வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள், 1.002 காட்டினால் ஒவ்வொரு அளவிலும் 2 கழிக்க வேண்டும். டப்பாவில் ஒட்டிய 200 கிராம் கூழ் 20 லிட்டரில் 3 புள்ளியைத் தின்றுவிடும். வெந்நீர் விட்டு அலசி ஊற்றுங்கள். வாளியில் அச்சிட்ட லிட்டர் கோடுகளையும் ஒருமுறை அளந்த தண்ணீரால் சரிபாருங்கள்.

இறுதி அடர்த்தியில் வேறு சிக்கல். மாதிரியில் உள்ள வாயுக்குமிழ்கள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டி அதைத் தூக்கிவிடும். மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றி, கருவியைச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையைப் பிரிக்ஸ் அளவில் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: ஆல்கஹால் ஒளிவிலகலை மாற்றுவதால், 12 பிரிக்ஸில் தொடங்கிய பீர் 6 பிரிக்ஸ் காட்டினால் அது 1.024 அல்ல, 1.011 சுற்றுவட்டாரம்.

நொதித்தல் உண்மையிலேயே 1.020இல் நின்றிருந்தால், வாளியை ஈஸ்டின் வரம்புக்குள் இரண்டு மூன்று டிகிரி வெப்பமான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்டை மெதுவாகச் சுழற்றிக் கிளப்புங்கள். குமிழி நின்றதை வைத்துப் புட்டியில் அடைக்காதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல், எதிர்பார்த்த அளவுக்கு அருகிலும் இருந்தால்தான் அடைக்கலாம். மிஞ்சிய சர்க்கரை உள்ளே நொதித்தால் கண்ணாடிப் புட்டி வெடிக்கும்.