சிதைவுக் கணக்கில் திரும்பி வந்த அலையை நிறுத்தியது எப்படி

டர்பன் சாட்ஸ்வொர்த்தில், மின்வெட்டுக்கு நடுவே லேப்டாப்பில் ஓட்டிய கணக்கு இது. ஆற்றல் தடுப்பைக் குவாண்டம் முறையில் துளைத்து வெளியேறும் துகள் உள்ளேயே மிஞ்சியிருக்கும் நிகழ்தகவு முதலில் அடுக்குக்குறி விதிப்படி (சம நேரத்தில் சம விகிதமாக) ஒழுங்காகக் குறைந்தது, அப்புறம் திடீரென்று ஏற ஆரம்பித்தது. இயற்பியல் காரணமில்லை, வெளியே போன அலை கணக்குப் பெட்டியின் (கணக்கிட எடுத்துக்கொண்ட இடத்தின்) சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பெட்டியைப் பெரிதாக்கினால் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

சரி என்று, 1971இல் கணித இயற்பியலாளர்கள் அகிலார், பால்ஸ்லெவ், கோம்ப் காட்டிய வழியில் இட ஆயத்தொலைவையே கலப்பெண் தளத்தில் ஒரு கோணம் சுழற்றினேன். இப்போது வெளியே போகும் அலை சுவரை எட்டுமுன் தேய்ந்துவிடுகிறது. தொடர் நிறமாலை (தப்பிப் போகும் அலைகளின் ஆற்றல்கள்) அந்தக் கோணத்தைப்போல் இரண்டு மடங்கு கோணம் கீழே சாய்ந்துவிடுகிறது, ஆனால் ஒத்ததிர்வு நிலை (தடுப்புக்குள் கொஞ்ச நேரம் தங்கிச் சிதையும் நிலை) ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் கோணத்தை மாற்றினாலும் இருந்த இடத்திலேயே நிற்கிறது (கொஞ்சம் அசைந்தால் கணக்கிடும் புள்ளிகளை நெருக்குங்கள்). அதன் ஆற்றலின் கற்பனைப் பகுதியை, குறியை விட்டு, இரட்டித்தால் அந்த நிலையின் ஆற்றல் அகலம். குறைத்த பிளாங்க் மாறிலியை அகலத்தால் வகுத்தால் ஆயுள். 1928இல் இயற்பியலாளர் காமோவ் ஆல்ஃபா சிதைவுக்கு எடுத்த கலப்பு ஆற்றல்தான் இதுவும். சதுரத் தடுப்புக்கு இந்தச் சுழற்சி நேராகப் பொருந்தாது, வழவழப்பான தடுப்பாக வையுங்கள்.

வெகுநேரம் கழித்து அடுக்குக்குறி விதி பிசகினால் மட்டும் உடனே நிரலில் கை வைக்காதீர்கள்: ஆற்றலுக்குக் கீழ்வரம்பு இருப்பதால் சிதைவு நிஜமாகவே மெதுவாகும் என்று 1957இலேயே இயற்பியலாளர் கால்ஃபின் காட்டிவிட்டார்.