ஆடிக் காற்றும் அறைக்கதவும்: கீல் பக்கம் முட்டுக் கொடுக்காதீர்கள்

சென்ற ஆனி மாதம் தென்காசிப் பக்கம் பாவூர்சத்திரத்துக்கு அருகே, புதிதாகக் குடிபுகுந்த ஒரு வீட்டில் அலமாரி பொருத்தும் வேலையில் இருந்தேன். மேற்குச் சன்னல் உள்ள படுக்கையறையின் கதவு காலை பத்து மணிக்கு அடிக்கத் தொடங்கி, இடி விழுவது போல் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாத வீட்டுக்காரர், தேங்காயின் நார்மட்டையான கதம்பையில் ஒரு துண்டைக் கிழித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே கீலை ஒட்டிய சந்தில் செருகினார். என்னோடு வந்திருந்த பையன், தச்சு வேலை பழகத் தொடங்கி ஓராண்டு கூட ஆகாதவன், அதைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கியும் கொடுத்தான். 30 ஆண்டுகளுக்கு முன்னால் நான் செய்த அதே காரியத்தை அதே திருப்தியோடு இருவரும் செய்து முடித்ததைப் பார்த்தபோது, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சன்னலைச் சாத்தினால் கதவு அடிக்காது, தாழ்ப்பாள் போட்டால் அசையாது என்பவை யாரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் தவறிப்போகிற இடங்கள் வேறு.

காற்றை அறியாமல் கதவைக் குறை சொல்வது

தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலான இடங்களில் மலையில் மோதித் தடைப்படுகிறது. நம் பக்கத்திலோ செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயும், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதற்கு வாசல் திறந்துவிட்டிருக்கின்றன. தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் ஊர்களுக்கு முன்னதன் வழியாகவும், பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் ஊர்களுக்குப் பின்னதன் வழியாகவும் காற்று இறங்குகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகளைக் காடு போல் நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்த இறக்கைகளைச் சுற்றுகிற காற்றுதான் உங்கள் படுக்கையறைக் கதவையும் தள்ளுகிறது.

மேற்குச் சன்னல் வழியாக அறைக்குள் புகுந்த காற்று, கதவு வழியாகக் கூடத்துக்கு வந்து, கிழக்குச் சன்னல் வழியாக வெளியேறப் பார்க்கிறது. படுக்கையறைக் கதவுகளைப் பெரும்பாலும் அறைக்குள் திறக்கும்படியே மாட்டுகிறோம் என்பதால், வெளியேறும் காற்று கதவை நிலையை நோக்கித் தள்ளுகிறது. கதவு அகலத் திறந்திருக்கும் வரை காற்று அதைக் கடந்து போய்விடும். ஏதோ ஒரு வீச்சில் கதவு சற்று நகர்ந்து வழி குறுகியதும் அறையின் பக்கம் அழுத்தம் கூடுகிறது, வழி குறுகக் குறுக அது மேலும் கூடுகிறது. மெதுவாகப் புறப்பட்ட கதவு கடைசி ஒரு சாண் தூரத்தில் சீறிப் பாய்வது இதனால்தான்.

கணக்காகவும் சொல்லிவிடலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னைத் தடுக்கும் பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுவதும் விழுந்தால் 12 கிலோ விசை கதவைத் தள்ளுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நம் பழைய வீடுகளில் இரட்டைக் கதவு இருந்ததை அழகுக்கு என்று நினைக்கிறோம். ஒற்றைக் கதவின் பாதி அகலமே உள்ள பலகையில் காற்று பிடிக்கும் பரப்பும் பாதி, நெம்பும் நீளமும் பாதி என்பதால், அதன் கீலுக்கோ, கீலுக்குப் பதிலாகக் கதவைத் தாங்கிச் சுழலும் குடுமிக்கோ போகும் நெம்பு விசை கால் பங்குதான்.

கீல் பக்கம் முட்டுக் கொடுப்பது

இதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு. கதம்பைத் துண்டு, மடித்த செய்தித்தாள், அட்டைப்பெட்டிக் கிழிசல், பழைய செருப்பின் ரப்பர், மரச்சீவல் என்று பொருள்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. வைக்கும் இடம் மாறுவதே இல்லை. கீலை ஒட்டிய சந்தில் எதைச் செருகினாலும் அது விழாமல் நிற்கும், யார் காலிலும் இடறாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த வசதிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

கதவின் மேல் விழும் காற்றின் விசை, கணக்குக்கு, கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 18 அங்குலத்தில் விழுவதாகக் கொள்ளலாம். முட்டு இருப்பதோ கீலிலிருந்து 1½ அங்குலத்தில். 12 கிலோவை 18 ஆல் பெருக்கி 1½ ஆல் வகுத்தால் 144 கிலோ வருகிறது. ஒரு கையளவு கதம்பை அவ்வளவு விசையை எதிர்த்து நிற்க, கீலின் ஸ்குரூக்கள் ஏறத்தாழ 130 கிலோ விசையில் மரத்திலிருந்து பிடுங்கப்படுகின்றன. இதுவும் கதவு அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்குத்தான். வீச்சோடு வந்து மோதும்போது இன்னும் கூடும். அதே முட்டைக் கீலிலிருந்து 33 அங்குலத்தில், கதவின் வெளி ஓரத்தில் வைத்தால் அது தாங்க வேண்டியது 6½ கிலோ மட்டுமே. சிறுபிள்ளை கூடக் கையால் பிடித்து நிறுத்திவிடும்.

எனக்கு இந்தக் கணக்கு ஏட்டில் வரவில்லை. வேலை பழகிய இரண்டாம் ஆண்டில், ஆலங்குளத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நாங்கள் மாட்டிய கதவு ஆடி மாதத்தில் அடிப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். என் ஆசாரி வேறு ஊருக்குப் போயிருந்ததால் நான் மட்டும் போனேன். அந்த வீட்டு ஆச்சிக்குப் பார்வை குறைவு; தரையில் எதை வைத்தாலும் இடறுவார்கள் என்றார்கள். நானும் புத்திசாலித்தனமாக ஒரு வேப்பமரச் சீவலை ஆப்பு போல இழைத்து, கீல் பக்கத்துச் சந்தில் அடித்துவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஆள் வந்தது. மேல் கீலின் ஸ்குரூக்கள் கழன்றதோடு நில்லாமல், நிலைக்காலும் நார்ப்போக்கில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. கதவைக் கழற்றுவது அரை மணி நேர வேலை. நிலையைக் கழற்றுவது அப்படியில்லை; சுவரைக் கொத்த வேண்டும், பூச்சை உதிர்க்க வேண்டும், புது நிலையை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்துச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும், கடைசியில் அந்தச் சுவர் முழுவதும் வெள்ளையடிக்கவும் வேண்டும். கொத்தனார் கூலியும் மரத்தின் விலையும் எங்கள் தலையில் விழுந்தன.

என் ஆசாரி அன்று பகல் முழுவதும் ஒரு சொல் பேசவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்தவர், ஆச்சியின் பாக்குவெட்டியை வாங்கி என் கையில் கொடுத்து, "ஏல, பாக்க எங்கன வச்சா வெட்டும்?" என்று கேட்டார். நுனியில் வைத்தால் வெட்டாது, ஆணிப் பக்கம் வைத்தால்தான் வெட்டும் என்றேன். "தெரியுதுல்லா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

எல்லா வீட்டிலும் நிலை உடனே பிளந்துவிடாது. அதுவே கூடுதல் ஆபத்து. முதலில் மேல் கீல் நூலளவு தளரும். கதவு முன்பக்கம் சரிந்து, வெளி ஓரத்தின் கீழ்முனை தரையில் உரசும். உடனே ஆளைக் கூப்பிட்டுக் கதவின் அடிப்பக்கத்தை இழைக்கச் சொல்வார்கள். வேலைக்கு வந்தவரும் கீலைத் தொட்டுப் பார்க்காமல் இழைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போவார். அடுத்த ஆடியில் கீல் மேலும் தளர, கதவு மேலும் சரியும். இப்படி இரண்டு முறை இழைத்த கதவை நேராக மாட்டிப் பார்த்தால் கீழே பல்லி நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். தரையில் கதவு உரசினால் முதலில் மேல் கீலைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கும்போது கீல்தகடு மரத்தை விட்டு அசைந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது.

ஸ்குரூ ஓட்டை அகன்றுபோன பிறகு தீக்குச்சியைத் திணித்து அதே ஸ்குரூவை முறுக்குவது ஒரு வார வைத்தியம். ஓட்டையைப் பெரிதாக்கி, தேக்கு முளையைப் பசை வைத்து அடித்து, அது காய்ந்த பின் சிறு துளை போட்டு, முன்னதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்குரூவைத் திருப்புளியால் திருகி இறக்க வேண்டும். முக்கால் பங்கைச் சுத்தியலால் ஆணி போல அடித்துவிட்டுக் கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகுகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அப்படி அடித்த ஸ்குரூவுக்கு மரத்தில் பிடிப்பே கிடையாது.

தரையில் பதிக்கும் ஸ்டாப்பரும், சத்தம் குறைய ஒட்டும் ரப்பர் பட்டையும் இதே கணக்குக்கு உட்பட்டவைதான். ஸ்டாப்பரைக் காலில் படாதிருக்கக் கீல் பக்கம் ஒதுக்கிப் பதித்தால் முட்டு வைத்த பலனே கிடைக்கும். ரப்பர் பட்டையைப் பூட்டுப் பக்கத்து நிலைக்காலிலும் மேல் சட்டத்திலும் ஒட்டலாம். கீல் பக்கத்தில் ஒட்டினால் ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் கீலை நாமே நெம்புகிறோம்.

கல் வைப்பது

பகலில் சரி. இரவில் கால் பெருவிரலைக் கேளுங்கள்.

காந்த ஸ்டாப்பர்

மேற்குச் சன்னல் உள்ள அறைக்குப் போதாது. சன்னலுக்குப் போடும் நீளக் கொக்கியும் வளையமும் போதும், விலையும் குறைவு.

கீலின் நடுக்கம்பியை வளைப்பது

நிலை தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்காததால், காற்றில்லாத நேரத்திலும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகள் உண்டு. கீலின் நடுக்கம்பியை உருவி, சுத்தியலால் இலேசாக வளைத்து மீண்டும் அடித்தால் உராய்வு கூடிக் கதவு நின்ற இடத்தில் நிற்கும். குளியலறைக் கதவு போன்ற இலேசான கதவுகளுக்கு இதை நானும் செய்ததுண்டு. ஆடிக் காற்றுக்கு இது மருந்தாகாது. கனமான கதவில் கீலின் குழாய்தான் தேயும். கிரீச்சென்ற சத்தம் போக எண்ணெய் விட்ட மறுநாளே கதவு முன்னைவிட வேகமாக அடிப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அந்தச் சத்தம்தான் அதுவரை பிரேக்காக இருந்தது.

சாரல் காலத்தில் இழைப்பது

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசி வட்டாரத்துக் கதவுகள் ஈரத்தை வாங்கி ஊதும். இறுகிய கதவு அடிக்காது என்பதால் சிலர் அதை வரவேற்பார்கள். சிலர் உடனே இழைக்கச் சொல்வார்கள். அப்போது இழைத்த கதவு பங்குனி வெயிலில் சுருங்கி, நிலைக்குள் கடகடவென்று ஆடும். பொறுங்கள்.

குளோசரை மார்கழியில் சரிசெய்வது

கதவைத் தானாக மெதுவாகச் சாத்த அதன் தலையில் மாட்டும் எண்ணெய்க் குளோசரில் பெரும்பாலும் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசி ஒரு சாண் தூரத்து வேகத்துக்கு. நம் வேலை இரண்டாவதில்தான் இருக்கிறது. காற்றே இல்லாத மார்கழியில் அழகாகச் சரிசெய்துவிட்டு, ஆடியிலும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்று வீசுகிற ஒரு நாளில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். முழுவதும் கழற்றிவிட்டால் எண்ணெய் வெளியே வந்துவிடும், பிறகு அது வெறும் இரும்புப் பெட்டி.

கதவுக்கு மேலே உள்ள சாளரத்தை அடைப்பது

பழைய வீடுகளில் நிலைக்கு மேலே கம்பி வைத்த சிறு சாளரம் இருக்கும். ஏசி போடும்போது அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். கதவு சாத்தும் கடைசி நொடியில் அழுத்தம் வெளியேற வழி இருந்த இடம் அது.

பிள்ளைகளின் விரலைப் பூட்டுப் பக்கத்தில் மட்டும் காப்பது

கதவின் ஓரத்தில் மாட்டும் ரப்பர் வளையத்தைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினால் பூட்டுப் பக்கத்து விரல் தப்பும். கீல் பக்கத்துச் சந்துக்கு அது போதாது. 144 கிலோ கணக்கு விரலுக்கும் பொருந்தும். பாக்குவெட்டியில் பாக்கு இருக்கும் இடம் அதுதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தச் சந்தை மேலிருந்து கீழ் வரை மறைக்கும் வளையக்கூடிய பட்டையை மாட்டிவிடுங்கள். பட்டை சந்துக்குள் போகாமல், வெளியே வளைந்து நிற்க வேண்டும்.

ஐப்பசியை மறப்பது

ஆடியில் சாத்திக்கொண்டு அடித்த அதே கதவு, வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குச் சன்னல் வழியாகப் புகும் ஐப்பசியில் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, உள்சுவரில் போய் மோதும். கைப்பிடியின் குமிழ் சுவர்ப்பூச்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம் போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சுவரில் ரப்பர் குமிழ் பதிப்பதானால் அதையும் கதவின் வெளி ஓரம் வந்து தொடும் இடத்தில் பதியுங்கள். பாவூர்சத்திரத்து வீட்டில் கதம்பையைப் பிடுங்கிவிட்டு, வெளி ஓரத்தில் ஒரு கொக்கியும், அதற்கு நேரே சுவரில் வளையமும் பக்கத்தில் ஒரு ரப்பர் குமிழும் அந்தப் பையனைக் கொண்டே பதிக்கச் சொன்னேன். ஸ்குரூவை எடுத்ததும் அவன் கை சுத்தியலுக்குத்தான் போனது.