வட்டாரத்தில் எதிர் வேட்பாளரைப் பற்றிக் கடதாசி தேடுவது எப்படி

இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியும் சின்னமும்தான் இருக்கும். ஆனாலும் வட்டாரத்துக்குள் சனம் பார்ப்பது ஆளைத்தான். சீட்டில் எத்தனை சின்னம் கிடந்தாலும் பல வட்டாரங்களில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கிடையில்தான். 2025 இல் கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்த வட்டாரத்திலும் அப்படித்தான். ஒரு பக்கம் எங்கள் பிள்ளை, முன்பள்ளி ஆசிரியை, முதல் தடவை தேர்தல் கேட்கிறவள். மற்றப் பக்கம் ஓர் அண்ணை. 2018 இல் வென்று பிரதேச சபையில் இருந்தவர், விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கும் தலைவராக இருந்தவர்.

நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன். "ஐயா, அவரைப் பற்றி எல்லாத்தையும் தோண்டி எடுங்கோ" என்று பொடியள் வந்து நின்றார்கள். எல்லாம் தேவையில்லை. சபை வேலையோடு தொடர்புள்ளது, கடதாசியில் இருப்பது, அவர் முன்னாலேயே எடுத்துக் காட்டக்கூடியது. இந்த மூன்றுக்குள்ளும் அடங்காத எதையும் நான் கோவையில் சேர்க்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர்களுக்கு முகம் சுருங்கிப்போனது.

வேலையை உங்கள் ஆளில் இருந்து தொடங்குங்கள். மற்றப் பக்கமும் என்னைப் போல ஒரு ஐயாவைப் பிடித்து வைத்திருக்கும் என்றே நினையுங்கள். சபைக்குக் கட்டவேண்டிய வரி, குடிநீர்க் காசு ஏதும் பாக்கியா? சங்கத்தில் எடுத்த கடன் எந்த நிலையில்? வீட்டுத்திட்டம் யார் பேரில் வந்தது? உறவுக்காரர் யாராவது சபையில் ஒப்பந்த வேலை செய்கிறார்களா? பேஸ்புக்கில் பழைய சண்டைகள் ஏதும் கிடக்கின்றனவா? வன்னியில் கட்டாயம் பார்க்கவேண்டிய இன்னொன்று காணி. குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிற் (அனுமதிப்பத்திர) காணிகள். தாத்தாவின் பேரில் பெர்மிற் இருக்கும், பேரப்பிள்ளை வீடு கட்டி இருப்பார், இடையில் பெயர் மாற்றம் நடந்தே இருக்காது. எங்கள் பிள்ளையின் வளவும் அப்படித்தான். குற்றமொன்றும் இல்லை. ஆனால் கூட்டத்தில் எவனாவது எழும்பிக் கேட்டால் தடுமாறாமல் சொல்ல ஒரு பதில் வேண்டும். அதை முதல் கிழமையே எழுதி வைத்தோம். 2023 ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி கொடுக்கவேண்டிய சொத்து, பொறுப்பு விபரத்தையும் ஒன்றும் விடாமல் நிரப்பச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பக்கம். முதலில் ஒரு தாளில் காலக்கோடு போடுங்கள். 2018 பெப்ரவரி 10 இல் தேர்தல். அப்போது தெரிவான சபைகளின் காலம் ஒரு வருட நீடிப்போடு 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து புதிய சபைகள் வரும்வரை பிரதேச சபைகளைச் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். இந்தக் கோடு இல்லாமல் வாயைத் திறக்கக்கூடாது. 2024 இல் குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று முன்னாள் உறுப்பினர் மேல் குற்றம் சொன்னால், "அப்ப சபையே இருக்கேல்லையே தங்கச்சி" என்று அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். சனமும் சிரிக்கும்.

அவர் சபையில் என்ன செய்தார் என்பதற்கு ஒரே நல்ல சாட்சி கூட்டறிக்கை. அதை எடுக்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல 14 வேலை நாட்கள், தருவதென்று முடிவானால் தகவலைக் கொடுக்க மேலும் 14 நாட்கள், அதற்கும் நீடிப்பு உண்டு. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். 2025 இல் வேட்புமனு எடுத்தது மார்ச் 17 தொடக்கம் 20 வரை, வாக்களிப்பு மே 6. இடையில் ஏழு கிழமைகூட இல்லை, அதற்குள் சித்திரை வருடப்பிறப்பு வேறு. வேட்புமனு கொடுத்த பிறகு விண்ணப்பித்தால் பதில் வரும்போது நீங்கள் போஸ்டர் கிழித்துக்கொண்டு நிற்பீர்கள். தேர்தல் வரப்போகிறது என்ற வாசம் அடித்தவுடனேயே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதிலும் விசயம் இருக்கிறது. "அவர் செய்த ஊழல்களின் விபரம் தருக" என்று ஒரு பொடியன் எழுதிக்கொண்டு வந்தான். அதற்கு எந்த அலுவலர் பதில் தருவார்? உள்ள ஆவணத்தைக் கேட்கவேண்டும், அபிப்பிராயத்தைக் கேட்கக்கூடாது. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: இந்தத் திகதியில் இருந்து இந்தத் திகதி வரையான மாதாந்தக் கூட்டங்களின் அறிக்கைகளையும் உறுப்பினர் வரவையும் பார்வையிட அனுமதி, பார்த்த பின் நான் குறிப்பிடும் பக்கங்களின் பிரதி. பார்வையிடுவதும் சட்டத்தில் உள்ள உரிமைதான். ஐந்து வருட அறிக்கையை முழுதாகப் பிரதி எடுக்க வெளிக்கிட்டால் காசும் போகும், லிகிதரின் பொறுமையும் போகும். இன்னொன்று, விண்ணப்பத்தில் உங்கள் சொந்தப் பெயரையே போடுங்கள். யாரோ ஒரு அப்பாவியின் பெயரில் போட்டால் மறுநாளே தேத்தண்ணீர்க் கடையில் தெரிந்துவிடும்.

கூட்டறிக்கையில் வாசிக்கவேண்டியது பேச்சை அல்ல. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை. முக்கியமாகப் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) வாக்கெடுப்பு. பாதீடு இரண்டாம் தடவையும் தோற்றால் சபைத் தலைவரான தவிசாளரின் பதவியே போகக்கூடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வரின் பதவி அப்படித்தான் போனது. ஆகவே பாதீட்டுக்குக் கை உயர்த்துவது சடங்கு இல்லை, அதில் ஒருவரின் அரசியல் தெரியும். தன் வட்டாரத்துக்கு ஒதுக்கீடு குறைவு என்று வெளியே கத்திவிட்டு, உள்ளே அதே பாதீட்டை ஆதரித்திருந்தால் அது கேட்கவேண்டிய கேள்வி.

அடுத்தது வீதி. வன்னியில் அரைவாசித் தேர்தல் கிரவல் வீதியிலும் மதகிலும்தான் நடக்கிறது. ஆனால் எந்த வீதி யாருடையது என்று பிரசாரம் செய்கிற பலருக்குத் தெரியாது. ஏ9, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அதற்கு அடுத்த தரத்தில் உள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. குளக்கட்டும் வாய்க்கால் கரையும் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களம். மிஞ்சிய உள்வீதிகள்தான் சபைக்கு. எங்கள் பொடியள் ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்த குழிக்குள் ஒன்று வாய்க்கால் கரை வீதியில் இருந்தது. நல்ல படம்தான், வெள்ளத்துக்குள் ஒரு சைக்கிள். தூக்கி வைக்கச் சொன்னேன். சபையின் வீதிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் வட்டாரத்துக்குள் வருகிறவற்றுக்குக் கோடு போடுங்கள்.

செய்ததாகச் சொல்லும் வேலைக்கும் இதே சோதனைதான். காசு யாருடையது? சபை நிதியா, மாகாணத்தின் குறித்தொதுக்கப்பட்ட நன்கொடையா, 2018, 2019 இல் மத்திய அரசின் கம்பெரலியக் கிராம அபிவிருத்தித் திட்டத்தில் வந்ததா? கம்பெரலிய வீதிகளுக்குச் சொந்தம் கொண்டாடாத அரசியல்வாதி வடக்கில் குறைவு. வீதி ஓரத்துப் பெயர்ப்பலகையைப் போய்ப் பாருங்கள், அதில் நிதி மூலமும் தொகையும் இருந்தால் படம் எடுங்கள். அண்ணையின் துண்டுப்பிரசுரத்தில் இருந்த வீதிகளில் ஒன்று அவர் சபைக்கு வருமுன்பே போட்டது. பலகையில் ஆண்டு அப்படியே நின்றது. எங்கள் கோவையில் இருந்த மிக வலுவான தாள் அதுதான். அதை எடுக்க எந்தக் கந்தோருக்கும் போகவில்லை.

சங்கங்களின் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் கூடவே சொல்கிறேன். கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று இவற்றில் ஏதாவது ஒன்றில் தலைவராகவோ பொருளாளராகவோ இருக்காமல் இங்கே யாரும் வேட்பாளராக வருவதில்லை. பொதுக்கூட்டத்தில் வாசித்த கணக்கறிக்கையை அந்தச் சங்கத்தின் அங்கத்தவர் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். வருட முடிவில் வங்கியில் இருக்கவேண்டிய காசு கையிருப்பாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். முற்பணம் என்று எடுத்தது அடுத்த வருடத்திலும் அதே தொகையாகத் தீர்க்கப்படாமல் நிற்கிறதா? "பல்வேறு செலவு" வருடத்துக்கு வருடம் கொழுக்கிறதா? கணக்காய்வு ஐயவினா, அதாவது கணக்காய்வாளர் எழுதிக் கேட்ட கேள்வி, இருந்தால் அதற்குக் கொடுத்த பதிலையும் சேர்த்தே வாசியுங்கள். பாதிக்கு மேற்பட்ட ஐயவினாக்களுக்குள் களவு இருக்காது. பற்றுச்சீட்டைத் தொலைத்த சோம்பல்தான் இருக்கும். ஐயவினாவை மட்டும் கொப்பியடித்து "ஊழல்" என்று போடுகிறவனுக்குக் கணக்கும் தெரியாது, வெட்கமும் தெரியாது.

கமக்காரர் அமைப்புத் தலைவராக இருந்தவர் என்றால் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்புகளையும் தேடுங்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற முடிவு, வட்டாரத்தில் எந்த வீதியை விடவும் நீண்ட காலம் நினைவில் நிற்கும்.

இனி, ஆட்களிடம் கேட்பது. இங்கே கொப்பியும் பேனையுமாக ஒருவர் படலைக்கு வந்து இன்னொருவரைப் பற்றி விசாரித்தால் சனத்துக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும். யார் வந்தது, எதற்கு வந்தது என்று இரவெல்லாம் யோசிப்பார்கள். அதனால் பகலில் போங்கள், யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், எழுதாதீர்கள். அவரைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: இந்த மதகு எப்போது உடைந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. மிச்சம் தானாக வரும். வந்ததைக் கடதாசியில் கண்ட பிறகுதான் நம்பவேண்டும்.

தொடக்கூடாதவற்றில் எனக்குப் பேரம் கிடையாது. 2009 இல் போர் முடியும்போது வட்டுவாகலால் யார் முதலில் போனார், யார் கடைசியில் போனார், முகாமில் யார் எவ்வளவு காலம் இருந்தார், போராளியாக இருந்து புனர்வாழ்வு பெற்றவரா, வீட்டில் காணாமல் போனவர் இருக்கிறாரா, எந்தச் சாதி, யார் மகள் யாரைக் கட்டினாள், நுண்கடன்காரன் வீட்டுக்கு வந்தானா என்பவை எல்லாம் இதற்குள் வரும். பெண் வேட்பாளர் என்றால் புருசன் எங்கே என்ற கேள்வியும். சபை உறுப்பினர் வேலைக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதோடு வன்னியில் இந்தக் கல்லை எறிந்தால் விழாத வீடு ஒன்றும் கிடையாது, உங்கள் வேட்பாளரின் வீடு உட்பட.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் மூன்று நிரலாகப் போடுங்கள். நாங்கள் சொல்வது, அதற்கு ஆதாரமான கடதாசி, அவர் சொல்லக்கூடிய மிக நல்ல பதில். மூன்றாவது நிரலில் சோம்பல் படாதீர்கள். அண்ணை தொடர்ந்து சில கூட்டங்களுக்கு வரவில்லை என்று வரவில் கண்டதும் பொடியள் துள்ளினார்கள். விசாரித்தால், அந்தக் காலத்தில் மனைவியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வரியை அப்படியே வெட்டினேன். பதில் நிரலையும் தாண்டி நிற்பது இரண்டோ மூன்றோதான் மிஞ்சும், அது போதும்.

அதை வேட்பாளரே தன் வாயால், சனசமூக நிலையக் கூட்டத்தில் கேள்வியாகச் சொல்லவேண்டும். "அண்ணை, இந்த வீதி நீங்கள் போட்டது எண்டு நோட்டீசில இருக்கு, பலகையில வேற வருசம் இருக்கு, எது சரி?" அவ்வளவும்தான். அண்ணை என்றே கூப்பிடவேண்டும். போலி முகநூல் கணக்குகளிடம் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருந்து பக்கம் நடத்துகிற ஒருவர் "தாங்கோ, நான் வெளுக்கிறன்" என்று வருவார், அவருக்கு இங்கே வாக்கும் இல்லை, மறுநாள் சந்தையில் முகம் பார்க்கும் தேவையும் இல்லை. பொய்யான கூற்றுகளை இணையத்தில் போடுவதற்கு எதிராக 2024 முதல் தனிச் சட்டமும் இருக்கிறது. வாக்களிப்புக்கு முன்னான 48 மணித்தியால அமைதிக் காலத்துக்குள் ஒன்றும் வெளியே போகக்கூடாது.

இந்த மரியாதைக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. சபையில் 60 வீதம்தான் வட்டாரத்தால் வருவது, மிச்சம் 40 வீதம் கட்சிப் பட்டியலால். உங்களிடம் தோற்றவரும் பட்டியலில் வந்து அதே மண்டபத்தில் உட்காரலாம். தனிப் பெரும்பான்மை இல்லாத சபை என்றால் தவிசாளர் தெரிவில் அவருடைய கை உங்களுக்கே தேவைப்படலாம்.

முடிவு வந்த பிறகு, ஆட்கள் சொன்ன கதைகளை யாராவது கிறுக்கி வைத்திருந்தால் அந்தத் தாள்களை எரித்துவிடுங்கள். கூட்டறிக்கைப் பிரதிகளையும் வீதிப் பட்டியலையும் வேட்பாளரிடம் கொடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி வென்றவரும் தோற்றவரும் 21 நாட்களுக்குள் செலவு அறிக்கை கொடுக்கவேண்டும். நோட்டீஸ் அடித்த காசு, ஓட்டோவுக்குக் கொடுத்தது, கூட்டத்துக்கு வாங்கிய தேத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். திகதி வாரியாக அடுக்கி, பின் அடித்துத் தாருங்கள்.