கச்சான் காலத்தில் நின்றுபோகும் கார்

அப்பா விட்டுச்சென்ற கொரோலா 1982ஆம் ஆண்டு வண்டி, கேஈ 70 ரகம், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேற்றர் உள்ள எஞ்சின். மார்கழி மழையில் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியில்தான் அதற்குக் கோளாறு வரும். திருகோணமலை உவர்மலையில் புறப்பட்டால் நிலாவெளி போய்ச் சேருவதற்குள் எங்காவது நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கராஜுக்குப் போகும்போது நோய் இருக்காது. பெற்றோல் பம்பும் பிளக்குகளும் புதிதாக வந்தன. கார் நிற்பது நிற்கவில்லை.

சூட்டில் வரும் பிழை, ஆறினால் மறைந்துவிடும். ஆகவே வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்திற்குள், நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். டிக்கியில் ஒரு பழைய பிளக், ரப்பர் பிடியுள்ள குறடு, 12 வோல்ற் சோதனை பல்ப், மல்ரிமீற்றர், தடித்த கையுறை ஆகியவற்றை வைத்திருங்கள்.

முதலில், கார் எப்படி நின்றது என்பதை நினைவில் வையுங்கள். இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றால் பெரும்பாலும் பெற்றோல். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். வெப்பமானி முள் சிவப்பில் இருந்தால் அது வேறு கதை. ரேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள்.

அடுத்து பெற்றோல். இந்தக் கார்புரேற்றரில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது, அதில் பெற்றோல் மட்டம் தெரியும். கண்ணாடி இல்லாத வண்டியில் காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடாத நிலையில் அக்சிலரேற்றர் கம்பியைக் கையால் இழுங்கள். உள்ளே பெற்றோல் பீச்சினால் தட்டுப்பாடில்லை. பீச்சாவிட்டால் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளிழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அதுவுமில்லையென்றால் பெற்றோல் வடிகட்டி, பிறகு சூடான புகைக்குழாயை உரசிச் செல்லும் ரப்பர்க் குழாய்.

திறந்த மூடிகளைத் திரும்பப் போட்டு, பெற்றோல் வாடை இல்லையென்று உறுதியான பிறகே, பெற்றோலைப் பற்றவைக்கும் தீப்பொறி பிளக்கில் வருகிறதா என்று பாருங்கள். பழைய பிளக்கைப் பிளக் வயரில் செருகி, குறட்டால் பிடித்து, கார்புரேற்றருக்குத் தள்ளி எஞ்சினின் இரும்பில் அழுத்துங்கள். இன்னொருவர் ஸ்ராற்றரைச் சுழற்றட்டும். நீலமாகத் தடித்த பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராவிட்டாலோ சோதனை பல்பை எடுங்கள். சாவி போட்ட நிலையில், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ற்றை உண்டாக்கும் கொயிலின் பொசிற்றிவ் முனையில் பல்ப் எரியாவிட்டால் சாவிக்கும் கொயிலுக்கும் இடையில் எங்கோ வழி அறுந்திருக்கிறது. எரிந்தால், பல்பை நெகற்றிவ் முனைக்கு மாற்றி எஞ்சினைச் சுழற்றுங்கள். பல்ப் மினுக்கினால், கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் பொயின்ற் வேலை செய்கிறது, சந்தேகம் கொயில்மீதும், பொயின்றோடு இணைந்த சிறு மின்தேக்கியான கண்டென்சர்மீதும் போக வேண்டும். இரண்டும் சூட்டில் மட்டும் பழுதாகக்கூடியவை.

இடையில் ஈரத்துணிக் கதையைச் சொல்ல வேண்டும். "ரீச்சர், பம்பில் பெற்றோல் ஆவியாகிறது, ஈரத்துணி போடுங்கள்" என்று வழியில் நிற்கும் எல்லோரும் சொல்வார்கள். பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகைக்குள்ளேயே கொதிக்கத் தொடங்குவது உண்மைதான். நானும் துணி போட்டேன், பத்து நிமிடத்தில் கார் ஓடியது, நம்பினேன். அந்தப் பத்து நிமிடத்தில் கொயிலும் ஆறியிருந்தது என்பது உறைக்க இரண்டு வெயில் காலம் போனது. பௌதிகம் கற்பிப்பவளுக்கு இது வெட்கக்கேடு.

கோளாறு அகப்பட்டது ஓர் அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) நாளில். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்த் திரும்புகையில் அநுராதபுரம் வீதியில் கார் சட்டென்று நின்றது. பின்னிருக்கையில் பெரியம்மா முணுமுணுக்க, பெறாமகன் ஸ்ராற்றரைச் சுழற்றினான். கண்ணாடியில் பெற்றோல் நிறைந்திருந்தது, பொறி இல்லை, பல்ப் மினுக்கியது. கொயிலில் விரல் வைக்க முடியவில்லை. வயர்களைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளந்தேன்: இரு சிறு முனைகளுக்கு இடையில் 1.5 ஓம். இந்த வகைக் கொயிலுக்கு முன்னால், மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்ரர் இருக்க வேண்டும். யாரோ அதைக் கழற்றிவிட்டு நேராக வயர் இழுத்திருக்கிறார்கள். 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். தாங்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. குளிரில் சமாளித்தது, வெயிலில் வெந்தது.

ரெசிஸ்ரர் தேவைப்படாத 3 ஓம் கொயிலை வாங்கிப் போட்டேன். கண்டென்சரையும் மாற்றினேன், அது கொயிலைவிட மலிவு. நீங்களும் கொயில் வாங்கும்போது ஓம் அளவைக் கேட்டு வாங்குங்கள். உருவத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைக்கவும் வேண்டாம், அதுவும் கொயிலைச் சூடாக்கும்.

மாற்றியதும் விட்டுவிடாமல் நண்பகலில் சோதித்தோம். அதே வீதியில் போய், பொனற்றைத் திறக்காமல், எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தோம். பெறாமகன் ஒரு சரை கச்சான் கடலையையும் தின்று முடித்து, கோதுகளை உதறினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.