கொட்டாப்புளி, மணல் மூட்டை, புளியங்கட்டை: கார் தகட்டைக் கையால் உருவாக்கப் பழகுவது எப்படி?

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் வேலைக்கு எப்படியோ ஆள் பிடித்துவிடுவார்கள். மட்கார்டின் கீழ்மூலையில் துரு தின்ற இடத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. புது மட்கார்டு தேடினாலும் எளிதில் அகப்படாது. பல டிங்கரிங் பட்டறைகளில் துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் கனமாகப் பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துத் தந்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு தாங்கினால் அதிகம். பட்டி உப்பி, பெயர்ந்து, பழைய ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை எட்டிப் பார்க்கும்.

அந்த மூலைக்கு ஒரு தகட்டை நீங்களே உருவாக்கலாம். மின்சார இயந்திரம் எதுவும் தேவையில்லை. கொல்லைப்புறமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஓங்கி அடிக்கத்தான் பார்க்கிறார்கள். தகட்டில் எந்த இடத்தில் பரப்பு கூட வேண்டும், எந்த இடத்தில் குறைய வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் தேவைப்படுவதெல்லாம் சின்னச் சின்ன அடிகள்தான். ஆகவே சுத்தியலைத் தொடுமுன் ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடத்தின் மேல் செய்தித்தாள்

பித்தளைக் குடத்தின் வயிற்றில் ஒரு செய்தித்தாளை வைத்து நன்றாகப் படியும்படி நீவுங்கள். நடுவில் ஒட்டி உட்காரும். ஓரங்களில் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். அந்தச் சுருக்கங்கள் அவ்வளவும் மிச்சப் பரப்பு. தகட்டில் இதே உருவம் வேண்டுமென்றால் இரண்டு வழி இருக்கிறது. ஓரத்தைச் சுருக்கி அந்த மிச்சத்தை உள்ளே அடக்கலாம். அல்லது ஓரத்தை அப்படியே விட்டு நடுவை அடித்து விரிக்கலாம். பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வோம்.

இனி அதே தாளைக் குடத்தின் கழுத்தில் சுற்றுங்கள். கழுத்துச் சந்தில் படியவைக்கப் பார்த்தால் தாளின் ஓரம் கிழியும். அங்கே ஓரத்துக்குப் பரப்பு போதவில்லை; ஓரத்தை விரிக்க வேண்டும். காரின் உடலில் நீங்கள் காணும் எந்த வளைவும் இந்த இரண்டில் ஒன்று, இல்லையென்றால் இரண்டின் கலவை. மட்கார்டின் முதுகு, குடத்தின் வயிறு. அது கதவை நோக்கி உள்வாங்கும் இடம், குடத்தின் கழுத்து.

கும்பகோணத்தில் பாத்திரம் அடிப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த வீடியோவும் அதற்கு ஈடாகாது. அவருடைய சுத்தியல் ஒரே உயரத்திலிருந்து, ஒரே தாளத்தில் விழும், நகர்வது பாத்திரம்தான். பித்தளை அடிபட அடிபட இறுகிவிடும் என்பதால் இடையிடையே அதைக் காய்ச்சி இளக்குவார். இரும்புத் தகட்டில் நாம் போகப்போகும் ஆழத்துக்கு அது தேவைப்படாது.

என்ன தகடு வாங்குவது?

கடையில் சி.ஆர். தகடு, அதாவது சூடாக்காமல் உருட்டி மெலித்த இரும்புத் தகடு, என்று கேளுங்கள். 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. கனம். 8 அடிக்கு 4 அடி முழுத் தகடு 21 கிலோ அளவில் நிற்கும். பழகுவதற்கு அவ்வளவு வேண்டாம். ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைக்குத் தருவார்கள். திருச்சியில் திருவெறும்பூர்ப் பக்கம் அப்படிப்பட்ட பட்டறைகளுக்குக் குறைவில்லை.

ஜி.ஐ. தகடு விலை குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அலுமினியம் மிருதுவானது, கைக்கு இதமானது. ஆனால் உங்கள் வண்டி இரும்பு. இரும்பிலேயே கை பழகட்டும்.

சாமான்கள்

முதலில் கட்டை. கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையை வைத்து வெட்டுவது சும்மா இல்லை. அந்த மரம் லேசில் பிளக்காது. மரவாடியில் ஒன்றரை அடி விட்டமுள்ள துண்டாகப் பார்த்து வாங்குங்கள். நிற்க வைத்தால் உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். மேல் வெட்டுமுகத்தில் ஒரு பக்கமாக, 15 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி செதுக்குங்கள். குழியின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். மீதி முகம் சமமாகவே இருக்கட்டும்.

அடுத்தது மணல் மூட்டை. கனத்த தோலிலோ இரண்டு மடிப்புக் கித்தானிலோ ஓர் அடி அகலப் பை. கார் சீட் தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். சலித்துக் காயவைத்த ஆற்றுமணலை முக்கால் பங்குக்கு நிரப்புங்கள். எம்.சாண்ட் வேண்டாம், அதன் தூசு தையல் வழியே கசிந்துகொண்டே இருக்கும். ஈரம் இருந்தால் பை பூசணம் பிடிக்கும். பையில் படுத்த தகடும் துருப்பிடிக்கும்.

அடுத்தது கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். தச்சர் வைத்திருப்பதன் முகம் தட்டையாக இருக்கும். நமக்கு உருண்டை முகம் வேண்டும். கடைசல் பட்டறையில் சொன்னால் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் அகன்றும் இருக்கும்படி கடைந்து தருவார்கள். இதற்குமேல் ஒரு டிங்கர் சுத்தியல், வளைவு மாறுபட்ட இரண்டு மூன்று டாலி (தகட்டின் மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி), தகரக் கத்தரி, அரம், மார்க்கர் பேனா. சுத்தியல் முகத்தையும் டாலியையும் வாட்டர் பேப்பர் போட்டுக் கண்ணாடியாக்கிவிடுங்கள். அவற்றில் உள்ள ஒவ்வொரு கீறலும் தகட்டில் அச்சாக விழும்.

தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தால் பட்டடைக்கு ஆகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்கிய வழி சரியானது என்று காட்ட ரசீது இல்லாவிட்டால் தொடாதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை. இவை மூன்றும் கட்டாயம். வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடுக்குச் சமம். வெட்டியவுடன் அரம் போட்டுவிட்டு மறுவேலை பாருங்கள். பகல் 2 மணி முதல் 4 மணி வரை அடிக்காதீர்கள். அது தகட்டுக்காகச் சொல்வதில்லை, தூங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காக.

முதல் வேலை: ஒரு கிண்ணம்

காருக்குப் போக அவசரப்பட வேண்டாம். 30 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். மார்க்கரால் 3 செ.மீ. இடைவெளியில் உள்வட்டங்கள் போடுங்கள். இந்தக் கோடுகள் அலங்காரத்துக்கு இல்லை. எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்பதற்கு அவைதான் சாட்சி.

மணல் மூட்டையின் நடுவில் கையால் ஒரு பள்ளம் அமுக்கி, அதன் மேல் தகட்டை வையுங்கள். கொட்டாப்புளியின் உருண்டை முகத்தால் நடுவிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக வெளியே வாருங்கள். ஓர் அடியின் தடத்தில் பாதியை அடுத்த அடி மூட வேண்டும். முழங்கையிலிருந்து அடித்தால் போதும், தோளைத் தூக்க வேண்டாம். வெளி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தை விட்டுவிடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் தகடு பலாப்பழத் தோல் போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். அப்படித்தான் இருக்கும். பயந்து அதைச் சரிசெய்ய இப்போதே உட்காராதீர்கள். முதலில் உயரம் வரட்டும்.

எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 30 செ.மீ. வாயுள்ள கிண்ணம் நடுவில் 3 செ.மீ. ஆழம் என்றால் அதன் பரப்பு தட்டை வட்டத்தைவிட 4 சதவீதம்தான் கூடுதல். 5 செ.மீ. ஆழத்துக்குப் போனால் 11 சதவீதம். அந்தக் கூடுதலை முழுக்க விரித்தே எடுத்தால் 0.9 மி.மீ. தகடு சராசரியாக 0.8 மி.மீ.க்கு மெலியும், அதிகம் அடிபட்ட நடுவில் இன்னும் மெலியும். இங்கேதான் ஓரத்தைச் சுருக்கும் வித்தை தேவைப்படுகிறது.

ஓரத்தைச் சுருக்குதல்

நடு இறங்க இறங்க ஓரம் அலை அலையாக நெளியும். குடத்தின் மேல் தாளில் பார்த்த அதே சுருக்கம். தகட்டைக் கட்டையின் குழி மேல் சாய்த்துப் பிடித்து, விளிம்பை ஒட்டி உட்பக்கமாக ஓர் அடி கொடுங்கள். அடித்த இடம் குழிக்குள் இறங்கும், இருபுறமும் சிறு மேடு எழும்பும். அந்த மேட்டைக் குழியின் சரிவில் வைத்து, இரு பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி மெல்லத் தட்டி அடக்குங்கள். விரிந்து போக இடமில்லாததால் இரும்பு தனக்குள்ளேயே நெருங்கித் தடிக்கும். விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தால் கனம் கூடியிருப்பது தெரியும்.

மேடு சிறியதாக இருக்கும்போதே அடக்கிவிட வேண்டும். வளரவிட்டு உச்சந்தலையில் ஒரே போடாகப் போட்டால் ஒன்று பழையபடி விரிந்துகொள்ளும், இல்லாவிட்டால் மடிந்து படுத்துவிடும். மடிந்த இடத்தை மறுபடி நிமிர்த்தினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இரும்புக்குச் சுத்தியலைவிடக் கொட்டாப்புளிதான் இந்த இடத்தில் நல்லது; மரம் தகட்டை நசுக்கி விரித்துவிடாது.

சமன் செய்தல்

உயரம் வந்த பிறகு டாலியும் சுத்தியலும். கிண்ணத்தின் உள்வளைவைவிடச் சற்றே கூடுதலாக வளைந்த டாலியை உள்ளே பிடித்து, அதற்கு நேர்மேலே வெளியிலிருந்து தட்டுங்கள். நேராக டாலி மேல் விழுந்தால் ‘டிங்’ என்று கணீரெனக் கேட்கும். தப்பினால் சத்தம் மொத்தையாக இருக்கும். காதை அடைத்திருந்தாலும் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். டாலி மேல் விழும் அடி தகட்டை விரிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே ஒரே இடத்தில் நின்று தட்டாதீர்கள். மேடும் பள்ளமும் அடுத்தடுத்து இருந்தால் டாலியைப் பள்ளத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்து, சுத்தியலை மேட்டில் போடுங்கள். மேடு இறங்கும்போதே டாலி பள்ளத்தை ஏற்றிவிடும்.

மேடு எது, பள்ளம் எது என்று கண் பொய் சொல்லும். பரப்பு முழுவதும் மார்க்கரைப் பூசி, மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி லேசாக ஓர் இழுப்பு இழுங்கள். மேடெல்லாம் வெளுத்துவிடும், பள்ளமெல்லாம் கறுப்பாகவே நிற்கும். வெளுத்ததைத் தட்டி, கறுப்பை ஏற்றி, மறுபடி பூசி, மறுபடி இழுத்து... சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. கடைசியில் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையை நீளவாக்கில் ஓடவிடுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத மேடு அப்போது தெரியும்.

இனி மட்கார்டு

கிண்ணம் இரண்டு மூன்று செய்து கை படிந்த பிறகு வண்டிக்கு வரலாம். டயர் வாரியிறைக்கும் வயல் சேறு மட்கார்டின் உட்புறக் கீழ்மூலையில் அடைந்து, நம் ஊர்க் களிமண்ணின் குணத்தால் நாள்கணக்கில் ஈரம் காக்கும். அதனால்தான் அந்த மூலை முதலில் போகிறது. துருவைச் சுற்றிப் பளிச்சென்ற நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். வெட்டின் மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்க வேண்டும். வெட்டுமுன் மறுபக்க மட்கார்டில், துரு இல்லாத அதே இடத்தில், கல்யாணப் பத்திரிகை அட்டையை வளைவுக்கேற்ப வெட்டி நாலைந்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். இடம் வலம் மாறும் என்பதால் அட்டையைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. கிண்ணத்தைவிட இது கடினம். 30 செ.மீ. அகலத்துக்கு 1 செ.மீ. மட்டுமே உயரும் பரப்பில் கூடுதல் வெறும் அரை சதவீதம்தான். இரண்டு சுற்று அதிகமாகத் தட்டினாலே நடு விரிந்துபோய், அமுக்கினால் டொக்கென்று உள்ளே போய் விட்டால் வெளியே வரும். அப்படி ஆகிவிட்டால் நடுவைத் தொடாமல் ஓரங்களை டாலி மேல் லேசாக விரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒட்டுத் தகடு வெட்டிய இடத்தில் விளிம்போடு விளிம்பாக, ஒரு தகட்டுக் கன இடைவெளியில் உட்கார வேண்டும். மேலே ஏறி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கும், பழைய கதைதான். பற்றவைப்பதை வீட்டில் முயல வேண்டாம். மிக் வெல்டிங் தெரிந்தவரிடம் வண்டியைக் கொண்டுபோய், முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 3 செ.மீ.க்கு ஒரு பொட்டாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் நீங்கள் செய்த வளைவு முழுவதும் இழுத்துக்கொள்ளும். பொறுமையாக வைத்தாலும் வெல்டிங் கோடு ஆறும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். கோட்டைத் தேய்த்துச் சமமாக்கிய பிறகு டாலி மேல் வைத்துத் தட்டினால் சுருங்கியது திரும்ப விரியும். இதற்குப் பிறகும் பட்டி கொஞ்சம் தேவைப்படும். அதில் வெட்கம் இல்லை. 3 மி.மீ.க்கு மேல் போகிறதென்றால் மறுபடி சுத்தியலை எடுங்கள்.

இருந்த உருவத்தை மீட்பது பழுதுபார்ப்பு. உருவத்தையே மாற்றி மட்கார்டை அகலப்படுத்த ஆசைப்பட்டால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை நடுவில் நிற்கும் நாட்களில் தகட்டில் மெஷின் ஆயில் தடவி வையுங்கள்; வியர்வைக் கை பட்ட இடம் மறுநாள் காலையில் சிவந்திருக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்கு ஒரு ராத்திரிகூட வேண்டாம். பெயிண்ட் அடிக்குமுன் எண்ணெயைத் தின்னர் போட்டு முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமரை மட்டும் பூசிவிட்டு மழைக்காலத்தில் வண்டியை வெளியே நிறுத்தாதீர்கள். அது ஈரத்தை உள்ளே விடும். மேல்பூச்சு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் எபாக்சி பிரைமர் வாங்குங்கள். மட்கார்டின் உட்பக்கத்துக்கும் சேர்த்து.