ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதாது: ராம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி மகனின் பழைய கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி டிடிஆர்3 ராம் (தற்காலிக நினைவகம்; டிடிஆருக்குப் பின்னால் வரும் எண் அதன் தலைமுறை) ஒன்று வாங்கினோம். எச்61 சிப்செட் மதர்போர்டு, இன்டெல் பிராசஸர். ராம் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, கிளிப்பும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றியது, திரையில் ஒன்றுமே வரவில்லை. பழைய ராமை மாட்டினால் ஓடுகிறது. பாவம், பையன் போர்டே போய்விட்டது என்று பயந்துவிட்டான்.

போர்டு நன்றாகத்தான் இருந்தது. வாங்கிய ராம்தான் ஏஎம்டி (இன்டெல் போல இன்னொரு பிராசஸர் நிறுவனம்) போர்டுக்கு மட்டும் என்று விற்கப்படும் வகை. அதில் இருப்பவை 4 பிட் சிப்புகள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 4 பிட் தகவல் தருபவை. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸருக்கு 8 அல்லது 16 பிட் சிப்புகள் வேண்டும். சிப்பை எண்ணிப் பார்த்தும் பயனில்லை, பெரும்பாலும் இரண்டிலும் பதினாறுதான் இருக்கும். விலை மற்றதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், 'இன்டெல் போர்டில் ஓடுமா, ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய சர்வரிலிருந்து கழற்றிய ராமும் இப்படித்தான். டிடிஆர்4 சர்வர் ராம் சாதாரண ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் அதோடு பூட் ஆகாது. ஸ்டிக்கரில் வேகத்துக்குப் பின்னால், சிறு கோட்டை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்றால் சர்வருக்கானது, 'யு' என்றால் நமக்கானது.

பின் எண்ணிக்கையை நம்புவது இன்னொரு தவறு. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. எண் ஒன்றாக இருந்தாலும் மின்னழுத்தம் வேறு: டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1. மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் அடியில் இருக்கும் வெட்டைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வரவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். 'கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்று பெருவிரலை வைத்தால் ஸ்லாட் உடைந்துவிடும்.

பிராசஸரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் எந்த ஸ்லாட் என்பது போர்டைப் பொறுத்தது. எச்610 போர்டுகளிலேயே இரண்டு வகையும் உண்டு. ஏஎம்டியில் குழப்பமில்லை: பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. போர்டின் முழு மாடல் பெயரை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தில் அதிகபட்ச அளவையும் பார்த்துவிடுங்கள். எச்61 போர்டில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16. அதற்கு மேல் ஏறாது.

லேப்டாப்பில் கவனிக்க வேண்டியது டிடிஆர்3எல். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், இது 1.35. வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஆனால் இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு 'எல்' உள்ளதே வேண்டும். சில மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், காலி ஸ்லாட் உண்டா என்று முதலில் பாருங்கள்.

வேகத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். 2666-உம் 3200-உம் சேர்த்துப் போட்டால் பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் 25600 என்று இருந்தால் 8-ஆல் வகுங்கள், 3200 வரும், அதுதான் வேகம்.

அப்புறம், டிடிஆர்5 போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். போர்டு புது ராமைப் பழகிக்கொள்கிறது. ஓடவில்லை என்று நினைத்து நடுவில் பிளக்கைப் பிடுங்காமல் பொறுத்திருங்கள்.